பழைய வண்டியும் ஆப்தன் சொல்லும்
பழைய எஸ்யுவி வாங்க நினைப்பவர், அதே மாடலைப் பல ஆண்டுகள் ஓட்டியவரின் சொல்லை நம்பலாமா? இந்திய மெய்யியலில் இது அளவை, அதாவது அறிவு பெறும் வழி, பற்றிய கேள்வி. காட்சி, கருதல், ஒப்பு, உரை என நான்கையும் நியாய மரபு ஏற்கிறது. சார்வாகருக்குக் காட்சி ஒன்றே போதும். உரை என்பது ஆப்தனின் சொல்; நேரில் அறிந்து, அறிந்ததை உள்ளபடி சொல்ல விரும்புபவரே ஆப்தன். முனிவரோ மிலேச்சரோ, யாராகவும் இருக்கலாம் என்கிறார் நியாய மரபின் வாத்ஸ்யாயனர்.

விற்பவர் உள்ளபடி சொல்லும் இரண்டாம் தகுதியில் தவறக்கூடும். குறை அவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த ஏற்றத்தாழ்வைத்தான் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையை வைத்து ஆராய்ந்தார்.

விற்கும் எண்ணமில்லாத உரிமையாளரிடம் வேறு சிக்கல். அவர் அறிந்தது ஒரே வண்டியை. கிளட்ச் தேய்ந்தது காட்சி; அது மாடலின் குறையா, மலைப்பாதையில் அரைக் கிளட்சிலேயே ஓட்டிய காலின் குறையா என்பது கருதல். பெருந்தொகை கொடுத்ததைப் பழிக்க மனமும் எளிதில் இடம் தராது. பலர் ஒரே பழுதைச் சொன்னால் கருதல் வலுக்கும். அப்போதும் அடுத்த வண்டி அப்படியே நடக்கும் என்பதற்குத் தர்க்க உறுதி இல்லை. 18ஆம் நூற்றாண்டில் மெய்யியலாளர் டேவிட் ஹியூம் எழுப்பிய தடை இது.