நுரையின் முதற்காரணம்

எண்ணெயும் நீரும் ஒட்டாது. இரண்டையும் ஒருசேரப் பற்றிக்கொள்ளும் பொருளுக்குப் பரப்புச் செயலி என்று பெயர். அதன் மூலக்கூறில் நீரை நாடும் தலை ஒன்றும் எண்ணெயை நாடும் வால் ஒன்றும் உண்டு. சோப்பு, சலவைத்தூள், ஷாம்பு எல்லாவற்றிலும் அழுக்கை எடுப்பது இந்த அமைப்புதான். சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் உள்ள சபோனினும் இதே இனம். அதன் தலை சர்க்கரையால் ஆனது. மரத்திலிருந்து பெற்ற சர்க்கரையைத் தலையாக வைத்து, நொதியின் துணையால் இத்தகைய பொருளைச் செய்யும் முயற்சி வேதியியலில் நடந்துவருகிறது. அப்படிச் செய்தது இயற்கைப் பொருளா, செயற்கைப் பொருளா? ஒரு பொருளின் தன்மையை அதன் பிறப்பு தீர்மானிக்கிறதா என்ற பழைய தத்துவச் சிக்கல் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

பீச் போன்ற அகன்ற இலை மரங்களின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு ஹெமிசெல்லுலோஸ். அதில் பெரும்பகுதி சைலன் என்னும் நீண்ட சங்கிலி. அதன் ஒவ்வொரு கண்ணியும் சைலோஸ் என்ற ஐந்து கார்பன் சர்க்கரை. மரச் சர்க்கரை என்ற பெயர் இதற்கே உரியது. காகிதக்கூழ் ஆலைகளில் மரத்தை வேகவைக்கும்போது கரையும் இந்தச் சர்க்கரைச் சத்து, கரிய திரவத்தோடு சேர்த்துப் பெரும்பாலும் எரிக்கப்படுகிறது. ஆலைக்கு நீராவியும் மின்சாரமும் அதிலிருந்து கிடைப்பதால், அதை வெறும் கழிவு என்று சொல்வது சரியாகாது.

சைலனை வெட்டும் நொதிகள் பூஞ்சைகளிலும் பாக்டீரியாக்களிலும் ஏராளம். அவற்றில் பலவற்றின் வேலை இரண்டு படிகளில் நடக்கிறது. நொதியின் நடுவே ஒரு பள்ளம். அதில் எதிரெதிரே இரண்டு அமிலக் கைகள். சங்கிலி பள்ளத்தில் வந்து படிந்ததும் ஒரு கை சர்க்கரையைப் பிடித்துக்கொள்கிறது, மற்றது மிச்சத்தை வெட்டிவிட உதவுகிறது. பிடிபட்ட சர்க்கரை அடுத்து வருபவருக்காகக் காத்திருக்கிறது. வருவது நீர் என்றால் சர்க்கரை தனியே விடுபடும். வருவது கொழுப்பு ஆல்ககால் என்றால் அதன் வால் சர்க்கரையோடு இணைந்து பரப்புச் செயலி பிறக்கும். வெட்டுவதற்கென்றே அமைந்த நொதி, யார் வந்தார் என்பதைப் பொறுத்து ஒட்டும் நொதியாகவும் ஆகிறது.

நடைமுறையில் பெரிய தடை இங்கேதான். சர்க்கரை நீரில் கரையும். நீண்ட வால் கொண்ட ஆல்ககால் கரையாது. எந்தப் பகையைத் தீர்க்க இந்த மூலக்கூறு பிறக்க வேண்டுமோ, அதே பகை அதன் பிறப்புக்குக் குறுக்கே நிற்கிறது. எனவே குட்டை வால் எளிது, நீண்ட வால் கடினம். சர்க்கரையையும் ஆல்ககாலையும் இணைக்க 1893-இல் எமில் ஃபிஷர் காட்டிய அமில வழியில் பலவகை இணைப்புகள் கலந்து வரும். நொதியோ பெரும்பாலும் ஒரே வகை இணைப்பைத் தருகிறது, அதுவும் மிதமான சூட்டில்.

இனி அந்த வாலைப் பார்க்கலாம். பன்னிரண்டு கார்பன் கொண்ட ஆல்ககாலைத் தேங்காய் எண்ணெயிலிருந்தும் பனைக்கொட்டை எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம். பெட்ரோலியத்தின் எத்திலீனிலிருந்தும் கட்டலாம். ஒரு மூலக்கூறை மட்டும் எடுத்து வைத்தால் அதன் பிறப்பைச் சொல்ல எந்த வேதியியலாளராலும் முடியாது. மொத்தமாக எடுத்தால் முடியும். உயிருள்ள செடியின் கார்பன் அணுக்களில் ஏறத்தாழ லட்சம் கோடியில் ஒன்று கார்பன்-14. அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டுகள். கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்த பெட்ரோலியத்தில் அது மிஞ்சுவதில்லை. இந்தக் கணக்கின்படி, செடியில் பிறந்த வால்களிலும் எட்டாயிரம் கோடிக்கு ஒன்றில்தான் அந்த அடையாளம் இருக்கும். மற்ற எல்லாமே பெட்ரோலிய வாலோடு அச்சு அசலாக ஒன்று. ஆகவே 'இயற்கை' என்பது மூலக்கூறின் குணம் ஆகாது. அது கடந்துவந்த வழியின் பெயர். 1828-இல் ஃபிரெட்ரிக் வோலர் உயிரற்ற உப்பிலிருந்து யூரியாவைச் செய்தபோதே, உயிர்ப்பொருளுக்குத் தனிச் சக்தி உண்டு என்ற நம்பிக்கை ஆட்டங்கண்டது.

பிறப்பைப் பற்றிப் பேசச் சைவ சித்தாந்தத்தில் தெளிவான சொற்கள் உண்டு. குடத்துக்கு மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். உலகத்துக்கு மாயை, சத்தி, சிவன் என்று அவை பொருந்தும். வேதியியலுக்காக வகுத்தது இல்லை என்றாலும் இந்தப் பகுப்பு இங்கே உதவுகிறது. மரச் சர்க்கரையும் வாலும் முதற்காரணம். நொதி துணைக்காரணம்: வேலை முடிந்ததும் மாறாமல் வெளியே வருகிறது, விளைபொருளில் கலப்பதில்லை. எந்த மரம், எந்த எண்ணெய், எதற்காக என்று முடிவு செய்யும் மனிதர் நிமித்த காரணம்.

எள்ளில் எண்ணெய் முன்பே இருப்பதுபோல, காரியம் காரணத்தில் முன்னமே உள்ளது என்பது சாங்கியரும் சித்தாந்திகளும் ஏற்ற சற்காரிய வாதம். இல்லாத ஒன்று புதிதாகத் தோன்றுகிறது என்பது நியாய மரபினரான நையாயிகர் வாதம். சபோனின் சீயக்காயில் தயாராகவே இருக்கிறது. நீரில் ஊறவைத்தால் போதும். மரத்தில் சர்க்கரை இருந்தது, வால் இல்லை, இரண்டையும் இணைத்த பிணைப்பும் இல்லை. இந்த இடத்தில் நையாயிகர் பக்கமே வலுவாகத் தெரிகிறது. 'மரத்திலிருந்து வந்தது' என்ற ஒரு சொல்லால் முழுப் பொருளுக்கும் நற்சான்று கொடுத்துவிட முடியாது. வால் பனை எண்ணெயிலிருந்து வந்தால், இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் தோட்டங்களுக்காக அழிந்த காடுகளும் முதற்காரணத்தின் கணக்கில் சேரும். தாவரம் என்பதாலேயே தூய்மை வந்துவிடாது. உணவாகும் மாவுச்சத்தைத் தொடாமல் மரச் சர்க்கரையை எடுப்பது நல்ல தேர்வு; ஆனால் அந்த நன்மை தேர்ந்தவருக்கு உரியது, சர்க்கரைக்கு உரியதன்று.

பிறப்பைவிட முடிவு அதிகம் சொல்கிறது. 1950-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகள் மலையாய் நுரைத்தன. அன்றைய சலவைப் பொருளின் கிளைத்த வாலைப் பாக்டீரியாக்களால் எளிதில் சிதைக்க முடியவில்லை. 1961-இல் மேற்கு ஜெர்மனி இதற்காகச் சட்டம் இயற்றியது. தொழில்துறை நேரான வாலுக்கு மாறியது. புதிய வாலும் பெட்ரோலியத்தில் வந்ததுதான், ஆனாலும் நுரை அடங்கியது.

13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார், சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் முதல் சூத்திரத்திலேயே தோற்றத்தை ஒடுக்கத்தோடு சேர்த்து வைத்தார்: எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே உலகம் மீண்டும் தோன்றும். சைலோஸ் தலை கொண்ட மூலக்கூறு ஆற்றுக்குப் போனால், அங்குள்ள நுண்ணுயிர்களிடமும் அதே வகை நொதி, அதே பள்ளம், அதே இரண்டு கைகள். ஆலையில் நீரைக் குறைத்து ஆல்ககாலைக் கூட்டியதால் ஒட்டிய பிணைப்பு, நீரே நிறைந்த ஆற்றில் வெட்டுப்படுகிறது. சர்க்கரை நுண்ணுயிருக்கு உணவாகிறது. வால் படிப்படியாகச் சிதைந்து கரியமில வாயுவாகக் காற்றில் சேர்கிறது. அதை ஏதோ ஒரு மரத்தின் இலை எடுத்துக்கொள்கிறது.