தாங்குறவன்

சாரல் சீசன். தென்காசி - குற்றாலம் ரோட்டில் டீக்கடைக் கூரைக்குள் ஒதுங்கி நின்றேன். வெளியே பைக் சீட்டில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஒருத்தர் தட்டிக்கொண்டிருந்தார். காற்றாலை சர்வீஸ் இன்ஜினீயராம்.

"நனையுதே சார்!" என்று பதறினேன்.

"டஃப்புக் சார். ஐ.பி. 65. ஒண்ணும் ஆகாது."

பி.காம். படித்த எனக்கு 65 என்றால் மார்க்தான். அவரே விளக்கினார். ஆறு என்றால் தூசி புகாது. ஐந்து என்றால் குழாயால் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். பானாசோனிக் 1996-ல் ஆரம்பித்த வரிசை. இவ்வளவுதான் தாங்கும் என்று சோதித்து எழுதியே கொடுத்துவிடுகிறார்கள். அதற்கு மேல் பேரருவிக்கு அடியில் வைத்தால், தப்பு நம்முடையது.

மனுஷனுக்கு யார் எழுதித் தருகிறார்கள்? 'அவ தாங்குவாப்பா' என்று சொல்லி, அப்பாவின் கடைசி மூன்று வருஷத்தை அக்கா தலையில் கட்டியவன் நான். முடியலை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.