கேள்வி கேட்க விடாத பேச்சு

“நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே...” தூக்கத்தில் எழுப்பினாலும் இதை என்னால் சொல்ல முடியும். ஜொகூரில் தமிழ்ப்பள்ளியில் படித்துப் பேச்சுப் போட்டிக்குப் போன பலருக்கும் முடியும். ஆசிரியர் எழுதித் தருவார், நாங்கள் மனனம் செய்வோம். அதோடு சில அடிப்படைகளையும் கற்றோம். பேசத் தொடங்குமுன் இரண்டு விநாடி அமைதியாக நில். கடைசி வரிசையில் இருப்பவரைப் பார். முக்கியமான சொல்லுக்கு முன்னால் நிறுத்து. உருக்கமான இடத்தில் குரலை உயர்த்தாதே, இறக்கு. இன்றைக்கும் இவை சரியான பாடங்கள்தான். இவற்றைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

தொண்ணூறுகளின் இறுதியில், நான் படிவம் ஆறு முடித்திருந்தபோது, குளுவாங் பக்கம் இருந்த எங்கள் தோட்டம் கைமாறியது. லயத்து வீடுகளைக் காலி செய்ய வேண்டும். நிர்வாகம் கொடுத்த கடிதம் மலாய் மொழியில் இருந்தது. “தம்பி நல்லா பேசுவான், அவனே எடுத்துச் சொல்லட்டும்” என்றார்கள் பெரியவர்கள். மாரியம்மன் கோயில் வாசலில் கூட்டம். நான் கடிதத்தை ஒரு முறைதான் படித்திருந்தேன். பேச்சை மூன்று முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

தாத்தா பாட்டி பால் வெட்டிய காலத்தில் தொடங்கி, பிள்ளைகளின் படிப்பு, பட்டண வாழ்க்கை என்று கொண்டுபோய் முடித்தேன். அக்காமார் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நல்ல கைதட்டல். அடுத்த வாரம் ஏறக்குறைய எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

“வீடும் உண்டு” என்று நான் சொல்லியிருந்தேன். கடிதத்தில் இருந்தது, மலிவு விலை அடுக்குமாடி வீட்டை வாங்கும் வாய்ப்பு. மாதத் தவணை அவர்கள் தலையில். அந்த வரியை நான் பார்த்தேன். பேச்சின் ஓட்டம் கெடும் என்று விட்டுவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஸ்கூடாயில் ஒரு கல்யாணத்தில் அடுத்த லயத்து மாமாவைப் பார்த்தேன். “அன்னிக்கு நீ ரொம்ப நல்லா பேசுன தம்பி. அவ்ளோ நல்லா பேசவும் ஒருத்தருக்கும் கேள்வி கேக்க வாயே வரல” என்றார். குத்திக் காட்டவில்லை. பாராட்டாகத்தான் சொன்னார்.

பிளேட்டோவின் ‘கோர்கியாஸ்’ உரையாடலில் ஒரு பெருமைப் பேச்சு வரும். கோர்கியாஸின் சகோதரர் மருத்துவர். மருந்து குடிக்க மறுக்கும் நோயாளியிடம் மருத்துவர் தோற்கும் இடத்தில் தான் பேசியே ஜெயித்துவிடுவதாகச் சொல்கிறார் கோர்கியாஸ். சாக்ரடீஸோ பேச்சுத்திறனைச் சமையலோடு ஒப்பிடுகிறார். நாக்குக்குப் பிடித்ததைக் கொடுப்பது, உடம்புக்கு நல்லதா என்று பார்க்காதது. முதல் வாசிப்பில் சாக்ரடீஸ் மிகைப்படுத்துவதாகப் பட்டது. மருந்து நல்லதென்றால் குடிக்க வைத்ததில் என்ன தப்பு? தப்பில்லைதான். கோர்கியாஸின் பக்கத்தில் மருந்து தெரிந்த ஒருவர் நின்றார். என் பக்கத்தில் நின்றது யார் என்று அன்று நான் யோசிக்கவே இல்லை.

அப்படியானால் திக்கித் திணறிப் பேசுகிறவர்தான் யோக்கியரா? அதையும் நான் நம்பவில்லை. அந்த வரியைத் திக்கிக்கொண்டே மறைத்திருக்கவும் முடியும். முக்கியமான சொல்லுக்கு முன் நிறுத்தச் சொல்லித் தந்தார்களே, ‘தவணை’ என்ற சொல்லுக்கு முன்னால் நான் நிறுத்தியிருக்க வேண்டும். கற்ற வித்தை அதற்கும் உதவியிருக்கும்.

திருக்குறளில் சொல்வன்மை, அவையறிதல், அவையஞ்சாமை ஆகிய மூன்றும் பொருட்பாலில் இருக்கின்றன. வாய்மையும் பயனில சொல்லாமையும் அறத்துப்பாலில். திறமையை ஒரு பக்கமும் அறத்தை ஒரு பக்கமுமாக வள்ளுவர் வைத்துவிட்டாரோ என்று தோன்றும். ஆனால் அவையஞ்சாமையை நிதானமாகப் படித்தால் வேறொன்று தெரியும். அவையில் அஞ்சாமல் மறுமொழி கொடுப்பதற்காகவே கற்கச் சொல்கிறார். அவருடைய அவை திருப்பிக் கேட்கும் அவை. எங்கள் போட்டி மேடையில் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். மணி அடித்தால் இறங்கிவிடலாம். நாலு பேர் பார்க்கிறார்களே என்ற பயம் எங்களுக்குப் போனது. நாலு பேர் கேட்பார்களே என்ற பயம் வரவே இல்லை.

ஆகவே பேச்சு எடுபட்டதா என்பதைக் கைதட்டலை வைத்து முடிவு செய்ய எனக்கு இப்போது மனம் வருவதில்லை. பேச்சு முடிந்தபின் கேட்டவர்கள் கேள்வி கேட்கும் தெம்போடு இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். கேட்க வாயே வரவில்லையென்றால் அவர்களிடமிருந்து நான் எதையோ எடுத்துக்கொண்டேன் என்றுதான் அர்த்தம்.

இப்போது சில போட்டிகளுக்கு நீதிபதியாகப் போகிறேன். பரிசளிப்பு முடிந்ததும், பேசிய பிள்ளைகளிடம் தனியாக ஒரு கேள்வி கேட்பேன். புள்ளிக்கு அல்ல, சும்மா. சுற்றுச்சூழல் பற்றி அனல் பறக்கப் பேசி முதல் பரிசு வாங்கிய சிறுமியிடம், “உங்க ஊர் ஆத்துல என்னம்மா பிரச்சினை?” என்று கேட்டேன். கோப்பையை மார்போடு அணைத்தபடி கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“தெரியல சார். அப்பாகிட்ட கேட்டுட்டு வந்து சொல்றேன்.”

கோயில் வாசலில் நான் சொல்லாமல் விட்ட வாக்கியம் அது.