பரிசு பெற்ற புத்தகத்தைப் பழிக்கும் உரிமை

விருதுப் பட்டியலில் இடம்பிடித்துவிட்டது என்பதற்காக எந்தப் புத்தகத்தையும் ஒரு மாணவி மதிக்க வேண்டியதில்லை. மட்டக்களப்பின் செங்கலடிப் பாடசாலைகளின் நூலகங்களில் அத்தகைய நூல்களை வாங்கி வையுங்கள் என்று நான் கேட்பதும் அதற்காகத்தான். கும்பிடுவதற்கல்ல, குறுக்கு விசாரணை செய்வதற்கு.

புத்தகத்தைக் கும்பிடுவதில் நம்மை வெல்ல ஆளில்லை. கால் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வாணி விழாவில் சரஸ்வதி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, அவலும் கடலையும் பங்கிடுகிறோம். பூசைக்கு வைத்த புத்தகத்தைத் திறக்கக்கூடாது என்பதுதான் பிள்ளைகளுக்கு ஆகப் பிடித்த சாத்திரம். படிக்காமல் இருக்கத் தெய்வமே லீவு தருகிறது! நவராத்திரி பெரும்பாலும் ஒக்டோபரை ஒட்டி வரும். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதமும்கூட. இரண்டில் எது நடக்கிறது என்று அறிய நூலக இரவல் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தால் போதும். வாசிப்பின் மகிமை பற்றிய கட்டுரைப் போட்டியில் முதலிடம் பெற்ற பிள்ளை அந்த வருடம் ஒரு நாவலும் வாசித்திருக்க வேண்டியதில்லை. போட்டி விதிகளில் அப்படியொரு நிபந்தனை கிடையாது.

விருதும் இன்னொரு சந்தனப் பொட்டாகிவிடக் கூடாது. விருது என்பது என்ன? நாலைந்து நடுவர்கள், ஒரு கடைசித் தேதி, கொஞ்சம் ரசனை, கொஞ்சம் பிணக்கு. நம் நாட்டில் தமிழில் எழுதுகிறவர்களில் பலர் கைக்காசைப் போட்டு முந்நூறு, ஐந்நூறு பிரதி அச்சடித்து, வெளியீட்டு விழாவில் பாதியை விற்று, மீதியை அன்பளிப்பாகக் கொடுத்து முடிப்பவர்கள். அந்தச் சிறிய குளத்தில் இருந்துதான் சாகித்திய விருதுக்கும் மீன் பிடிக்க வேண்டியிருக்கிறது. நடுவர் கண்ணில் படாமலே போன நல்ல நூல்கள் எத்தனையோ.

பிறகு எதற்கு அந்தப் பட்டியல்? அது முடியாத வழக்கு என்பதற்காக. பாடநூலில் விடை முன்கூட்டியே தீர்மானமாகிவிட்டது. பாஸ்ட் பேப்பருக்குப் புள்ளித்திட்டம் இருக்கிறது. ஐந்து நாவல்களை மேசையில் வைத்து இதில் எது சிறந்தது, ஏன் என்று கேட்டால் எந்த ரியூசன் சேரிடமும் அதற்கு விடைத்தாள் இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை தன் புத்தியை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பேச வேண்டிய இடம் அது. பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இந்த நாட்டுப் பாடசாலைகளில் தாவரவியல் படிப்பித்தவர். மோசடிக்கு இடமில்லாத சூழலில் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963இல் அறிவித்தார். 1978இல் இறக்கும்வரை அந்தப் பணத்தை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. சாமியாரைச் சோதிக்கலாம் என்றால் இலக்கிய நடுவரைச் சோதிக்க என்ன தடை?

பிரான்சில் 1988 முதல் இதைச் செய்கிறார்கள். அந்நாட்டின் ஆகப் பெரிய இலக்கியப் பரிசான கோன்கூர், ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் முதற்பட்டியல் நாவல்களை ஏறத்தாழ இரண்டாயிரம் உயர்தர மாணவர்கள் இரண்டு மாதத்தில் வாசித்து, வகுப்பில் சண்டை பிடித்து, வாக்களித்துத் தங்கள் சொந்தப் பரிசைக் கொடுக்கிறார்கள். பெரியவர்களின் தெரிவும் அவர்களின் தெரிவும் பல தடவை ஒத்துப்போவதில்லை. 2020இல் பெரியவர்கள் எர்வே லெ தெலியே என்பவரின் நாவலுக்குக் கொடுத்தார்கள். மாணவர்கள் கமரூன் நாட்டுப் பெண்ணான ஜைலி அமாது அமாலுக்குக் கொடுத்தார்கள். கட்டாயத் திருமணத்திலும் பலதார மணத்திலும் சிக்கிய பெண்களைப் பற்றியது அவருடைய நாவல். மாணவர்களுக்கு அது 'வயதுக்கு ஏற்றதா' என்று யாரும் திரை போடவில்லை.

இங்கே அந்தத் திரைதான் முதலில் விழும். பாடசாலை நூலகத்துக்கு ஏற்ற நூல் என்று அங்கீகரிக்க ஒரு திணைக்களம் இருக்கிறது. அதற்கு மேல் அதிபரின் பயம், பெற்றோரின் முறைப்பாடு. "சோதினை வருது, இப்ப என்ன மனே கதப் புத்தகம்?" என்று வீட்டில் கேட்பார்கள். அது பரவாயில்லை, பிள்ளை மேலுள்ள கரிசனை. 'இந்தக் கதை பிள்ளைகளுக்கு வேண்டாம்' என்பதுதான் பொய். 1990 செப்டெம்பர் 5ஆம் தேதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் 158 பேரைப் படையினர் கொண்டுபோனார்கள். திரும்பி வரவில்லை. போர்க்காலத்தில் கறுத்தப் பாலத்தைத் தாண்ட அடையாள அட்டையோடு வரிசையில் நின்ற தாய் தகப்பன்களின் பிள்ளைகள்தான் இன்று நம் வகுப்பறைகளில் இருப்பவர்கள். அவர்களின் வீட்டுச் சுவரில் படமாகத் தொங்கும் கதை, புத்தகமாக வந்தால் மட்டும் வயதுக்கு மீறியதாகிவிடுகிறதா?

உலகம் இந்தக் கதைகளை வாசித்துத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அனுக் அருட்பிரகாசத்தின் 'எ பாசேஜ் நோர்த்' 2021 புக்கர் இறுதிப் பட்டியலில் இருந்தது. அடுத்த ஆண்டு ஷெஹான் கருணாதிலக புக்கரையே வென்றார். 2024இல் பெண்கள் புனைவுப் பரிசு வி.வி. கணேசானந்தனின் 'பிரதர்லெஸ் நைட்' நாவலுக்குப் போனது. நம் வீட்டுச் சாவுகளைப் பற்றிய வாதம் லண்டனில் நடக்கிறது. செங்கலடியில் அந்தச் சாவுகளுக்கு வாரிசான பிள்ளைக்கு அந்த ஆங்கிலம் எட்டாது, எட்டினாலும் புத்தகத்தின் விலை எட்டாது.

தமிழிலேயே எட்டுகிற ஒன்று இருக்கிறது. பெருமாள்முருகனின் 'பூக்குழி', ஆங்கில மொழிபெயர்ப்பு வழியாக 2023 சர்வதேச புக்கர் நெடும்பட்டியலுக்குப் போன நாவல். சாதி மாறிக் கட்டிய ஓர் இளம் சோடியின் கதை. "எங்கட பக்கம் சாதியெல்லாம் இல்ல" என்று சொல்லும் பெரியவர்கள், கோயில் சடங்கில் எந்தக் குடிக்கு முதல் மரியாதை என்ற சண்டையை எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று அதை வாசித்த பிள்ளை கேட்கக்கூடும். கேட்கட்டும்.

இதைவிடக் கடினமான புத்தகம் ஒன்றும் அந்த மேசையில் வேண்டும். அதற்கு விருதுப் பட்டியலைத் தேடிப் போக வேண்டாம், அடுத்த ஊர் போதும். ஏறாவூரைச் சேர்ந்த ஸர்மிளா ஸெய்யித் எழுதிய 'உம்மத்', போர் சிதைத்த மூன்று பெண்களைப் பற்றியது. ஒருத்தி முஸ்லிம், மற்ற இருவரும் தமிழர். 2012இல் ஒரு வானொலிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக மிரட்டப்பட்டு ஊரைவிட்டே போக நேர்ந்தவர் அவர். வந்தாறுமூலைச் சம்பவத்துக்கு ஒரு மாதத்துக்கும் குறைவான காலம் முன்பு, 1990 ஓகஸ்டில் ஏறாவூரில் நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் ஓர் இரவில் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்கள் விடுதலைப் புலிகள் என்றே பதிவுகள் சொல்கின்றன. செங்கலடிப் பிள்ளைக்கு 158 தெரியும், ஏறாவூர்ப் பிள்ளைக்கு அந்த ஓகஸ்ட் தெரியும். ஒரே பஸ்ஸில் போகிறார்கள், ஒரே சந்தையில் வாங்குகிறார்கள். மற்றவரின் கணக்கு இருவருக்கும் தெரியாது. இதற்கு ஒற்றுமை ஊர்வலம் நடத்திப் பயனில்லை. பக்கத்து ஊர்ப் பெண் எழுதியதை வாசித்து, அவள் எங்கே நம்மைச் சரியாகப் பார்த்திருக்கிறாள், எங்கே பிழையாகப் பார்த்திருக்கிறாள் என்று வாதாடட்டும். பிழை என்று சொல்வதற்கும் முதலில் முழுவதும் வாசிக்க வேண்டுமே!

செலவைப் பற்றிக் கேட்பீர்கள். பழைய மாணவர் சங்கங்கள் கனடாவிலும் லண்டனிலும் காசு சேர்த்து நுழைவாயில் வளைவு கட்டுகின்றன, சரஸ்வதிக்குச் சிலை வைக்கின்றன. ஒரு வளைவின் சீமெந்துக் காசில் பத்து வருடத்துப் பட்டியல் நூல்களை வாங்கலாம். ஐந்து தலைப்பு, ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி, ஒரு தவணை அவகாசம். கண்ணாடி அலுமாரிக்குப் பூட்டு வேண்டாம். தொலையும் பிரதிக்குத் தண்டப்பணமும் வேண்டாம், களவெடுத்தாவது ஒருத்தன் வாசித்திருக்கிறான். தவணை முடிவில் தரம் பத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் கூடிப் பேசி வாக்களிக்கட்டும். 'எதுவும் தேறாது' என்பதும் வாக்குச்சீட்டில் ஒரு தெரிவாக இருக்க வேண்டும். அதைத் தெரிவு செய்பவர் ஒரு பக்கத்தில் காரணம் எழுத வேண்டும். ஆசிரியர்களுக்கு வாக்கு இல்லை. அவர்களும் ஐந்தையும் வாசித்திருந்தால் பார்வையாளர் வரிசையில் உட்காரலாம்.