சுவை பகையாமோ?

உடம்பு பேணற்பாலது என்பதில் ஐயமுற்றார் எவருமிலர். உணவின்றி உடம்பு நில்லாதென்பதும் யாவரும் அறிந்ததே. ஆயின், அவ்வுணவு நாவுக்கு இனியதாய் இருத்தல் வேண்டுமோ, உடம்புக்கு நல்லதாய் இருத்தல் வேண்டுமோ என வினவுங்கால், பெரும்பாலார் இவ்விரண்டும் ஒன்றையொன்று பகைப்பன என்றே கொண்டு விடையிறுப்பர். நோயுற்றவன், 'இனி எனக்குச் சுவையான உணவு இல்லை' என்று பெருமூச்செறிகின்றான். நோயற்றவன், 'நோய் வரும்போது பார்த்துக்கொள்வோம்' என்று இலையில் மேலும் இடுவித்துக்கொள்கின்றான். இருவர் செயலும் வேறாயினும் கொள்கை ஒன்றே. சுவை வேறு, நலம் வேறு என்பதே அது. இக்கொள்கை பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இஃது அடுக்களையைப் பற்றிய வினாவன்றோ, அறவாராய்ச்சிக்கு இதன்கண் இடம் யாது எனின், கூறுதும். நம் விருப்பமும் அறிவும் நாள்தோறும் எதிர்நின்று வழக்காடும் இடம் உண்கலத்தைப் போல் பிறிதொன்றில்லை. பெரிய அறங்களைச் செய்யும் வாய்ப்பு என்றோ ஒருநாள் வருவது. உண்ணும் வேளையோ நாளொன்றுக்கு இருமுறை மும்முறை வருவது. அங்கே தன்னை ஆளக் கற்றவன் பிற இடத்தும் ஆளுவான்.

இனி, 'நாவின் இன்பமே கேட்டுக்கு வித்து; ஆதலின் அதனை அடியோடு ஒறுத்தலே நெறி' என்பார் ஒரு சாரார். யானும் அக்கட்சியில் நின்றவனே. அறுபது ஆண்டு நிறைந்த சில திங்களில், எனக்கு நீரிழிவும் இரத்த அழுத்தமும் உளவென்று மருத்துவர் கண்டு, உப்பையும் இனிப்பையும் குறைக்குமாறு பணித்தார். யானோ மடத்திற் பயின்ற இளமைக்கால நோன்புகளை நினைந்து, உப்பும் புளியும் தாளிதமும் இல்லாத சோறும், வெந்நீரில் வெந்த காயுமே இனி உண்பதென உறுதி பூண்டேன். அவ்வுறுதியிற் பாதி நோய்க்கு அஞ்சியது. மற்றைப் பாதி, 'பண்டிதர் நாவை வென்றவர்' என்று பிறர் கூறக் கேட்கும் ஆசை என்பதை இப்பொழுது ஒளியாமல் ஒப்புக்கொள்கின்றேன். மருமகள் எனக்கென வேறு உலை வைத்தாள். யான் முகஞ்சுளித்து உண்பதைப் பார்த்துக்கொண்டு தம் சோற்றை உண்ணுதல் வீட்டார்க்கும் துன்பமாயிற்று.

இங்ஙனம் மூன்று திங்கள் சென்றன. தீபாவளிக்கு முதல்நாள் காலையில், அதிரசம் வேண்டுமென்று அழுத பேரனை, 'நாவை அடக்கக் கற்றுக்கொள்' என்று கடிந்தேன். அன்றிரவு எல்லாரும் துயின்றபின், அடுக்களையில் விளக்கும் ஏற்றாமல், தகர டப்பாவைத் திறந்து மூன்று அதிரசங்களை அடுத்தடுத்துத் தின்றேன். நான்காவதைக் கையில் எடுத்தபோது வாயிற்படியில் சிறுவன் நின்றிருந்தான். "தாத்தா, எனக்கும் ஒன்று" என்றானேயன்றி வேறொன்றும் சொல்லவில்லை. நாற்பதாண்டு மாணாக்கர்க்கு அறநூல் பாடஞ்சொன்ன எனக்கு அவ்வொரு சொல்லுக்கு விடை இல்லை. அன்றியும், அம்மூன்று அதிரசங்களின் சுவையும் எனக்கு நினைவில்லை. அச்சத்தோடு விழுங்கியதில் சுவை ஏது?

மருத்துவரிடம் நிகழ்ந்ததை மறையாது கூறினேன். அவர் நகைத்து, "ஐயா, உப்பையும் இனிப்பையும் குறைக்கச் சொன்னேனேயன்றிச் சுவையையே விடச் சொல்லவில்லையே. விருப்பமில்லாத உணவை எத்தனை நாள் உண்பீர்கள்? பத்து நாள் கடுமையாய் இருந்து பதினோராம் நாள் கைவிடுவதினும், பத்தாண்டு தாங்கும் ஒழுங்கே மேல்" என்றார். அச்சொல்லே இக்கட்டுரைக்கு வித்து.

நூல்முறையால் நோக்கினும் அவர் கூற்றே வலியுறும். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிர்கள் உய்தற்பொருட்டு அருளப்பட்டன என்பது சைவ நூற்றுணிபு. நாவும் அக்கருவிகளுள் ஒன்றே. கருவியைப் பகையென்று முறிப்பவன் தொழிலறியாதவன். அதற்கே அடிமையாவானும் அன்னனே. இறைவன் திருமுன் நிவேதிக்கும் அமுதைச் சுவையுறச் சமைக்கின்ற நாம், சுவை குற்றமென்று எங்ஙனம் கூறுவோம்? குற்றம் சுவையின்கண் இல்லை. அளவு கடந்த வேட்கையின்கண் உள்ளது. திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் பெரும்பாலும் அளவறிந்து உண்டலையே பேசுவதும் இதுபற்றியே.

அற்றேல், சுவையும் நலமும் ஒருங்கு நிற்குமாறு எங்ஙனம் எனின், முன்னோர் வகுத்த அறுசுவையை நினைவுகூர்க. இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கார்ப்பு, கைப்பு, துவர்ப்பு என்பன அவை. நம் இக்கால இலையை நோக்குமின். இனிப்பும் உவர்ப்பும் கார்ப்பும் பெருகிப் பிற மூன்றையும் அமிழ்த்திவிட்டன. பாகற்காயும் சுண்டைக்காயும் வேப்பம்பூவும் தரும் கைப்பை நம் சிறுவர் அறியார். வாழைப்பூவும் அத்திப்பிஞ்சும் தரும் துவர்ப்பும் அருகிற்று. கார்ப்பும் மிளகினின்று மிளகாய்க்கு மாறிற்று. மிளகாய் அமெரிக்க நிலத்தது. போர்த்துகீசியர் வரவுக்குப் பின்னரே இந்நாடு புகுந்தது. மிளகுபோல் உறைக்குங் காய் என்றே அதற்குப் பெயரிட்டனர். ஆகவே, நாம் சுவை மிகுதியால் நோயுற்றோம் என்பது பிழை. சுவைக் குறைவால், இரண்டு மூன்றே சுவைகளை மீண்டும் மீண்டும் பெருக்கியதால் நோயுற்றோம் என்பதே பொருந்தும்.

இதற்குச் சான்றாக இளையான்குடிமாற நாயனார் மனைவியாரை நினைக்கலாம். நள்ளிரவில் மழையிடையே வந்த அடியார்க்கு அமுதளிக்க, விதைத்த நெல்லை நாயனார் வாரிவந்தார். புழைக்கடையில் முற்றாத கீரையையே பறித்து நல்கினார். அவ்வொரு கீரையைக் கொண்டே அம்மையார் தம் கைவன்மையால் வேறுவேறு கறியமுதுகள் ஆக்கினார் என்று பெரியபுராணம் கூறும். அவ்வில்லத்தில் நெய்யும் சருக்கரையும் நிறைந்திருக்கவில்லை. சுவையைத் தந்தது கைப்பாகமும் அன்புமேயாம்.

எம் இல்லத்தில் பின்னர் நிகழ்ந்த மாற்றமும் இவ்வழியதே. உலக சுகாதார நிறுவனம் ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென்கின்றது. அஃது ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி. ஊறுகாய், அப்பளம், வடகம் ஆகியவற்றில் மறைந்துவரும் உப்பும் இக்கணக்கில் அடங்கும். ஆதலின் அவற்றை நாள்தோறும் உண்பது நின்றது. குழம்பில் உப்பைச் சிறிது சிறிதாகக் குறைத்து, அக்குறையை எலுமிச்சை, மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, கொத்தமல்லி என்பவற்றால் நிரப்பினாள் மருமகள். முதற் சில நாள் ஏதோ குறைவது போலிருந்தது. சில வாரங்களில் நா பழகிவிட்டது. இன்று பழைய அளவில் உப்பிட்டால் எனக்குக் கரிக்கின்றது. பொரித்த வாழைக்காய்க்கு மாறாகக் கடுகு தாளித்துத் தேங்காய் சிறிது தூவிய வாழைப்பூக் கறி வந்தது. பச்சைப்பயற்றுச் சுண்டலும், கீரை மசியலும், மிளகுச் சாறும் இலையை நிறைத்தன. சோறு தானே சுருங்கிற்று. வேறு உலை வைக்கும் வழக்கமும் ஒழிந்தது. யாவரும் ஒன்றையே உண்கின்றோம்.

சோற்றைப் பற்றியும் ஒன்று கூறற்பாலது. ஜாவாத் தீவில் 1890-ஆம் ஆண்டையடுத்து எய்க்மன் என்னும் மருத்துவர், தீட்டிய வெள்ளரிசியே தின்ற கோழிகள் கால் தளர்ந்து நோயுறுதலையும், தீட்டாத அரிசி தின்றவை தேறுதலையும் கண்டார். அவ்வழிச் சென்ற ஆராய்ச்சிக்காக 1929-ல் நோபல் பரிசும் பெற்றார். தவிட்டோடு உயிர்ச்சத்து நீங்கியதே அந்நோய்க்குக் காரணம். நெல்லைப் புழுக்குங்கால் அச்சத்திற் பெரும்பகுதி அரிசியினுள்ளே புகுந்து தங்குகின்றது. எனவே நம் புழுங்கலரிசி அறிவுடைய வழக்கமேயாம். அரிசி பளிச்சென வெளுத்திருத்தல் வேண்டுமென்று விரும்பியது கண்ணே. பழி மட்டும் நாவுக்கு வந்தது.

ஈண்டு எச்சரிக்கையும் ஒன்றுண்டு. சாமையும் தினையும் வரகும் நல்லன என்று கேட்டவர் சிலர், அவற்றை எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என எண்ணுவர். அவையும் மாப்பொருள் உடையனவே. அளவு அவற்றிற்கும் உண்டு. வெல்லமும் தேனும் சருக்கரை அல்லவென்று நீரிழிவுடையார் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்ளலாகாது. அவரவர் நோய்க்கேற்ற அளவை மருத்துவரே கூறவேண்டும்.

இனி, 'வாழ்நாள் சிறிது. உண்டு களிப்போம்' என்னும் மற்றொரு சாரார்க்கு விடை சிறிதே. அவரும் சுவையை அறிந்தாரல்லர். முதல் வடையின் சுவையை நா அறியும். ஐந்தாம் வடையை வயிறும் அறியாது, கைதான் எடுத்து வாயிலிடும். மெல்ல மென்று, மனத்தை வேறிடத்துச் செலுத்தாது உண்பவன் சிறிதிலேயே நிறைவெய்துவான். சுவையை உண்மையாக விரும்புவான் எவனோ அவனே அளவில் நிற்பான்.

சென்ற சித்திரை முதல்நாளில் மருமகள் வழக்கம்போல் மாங்காயும் வெல்லமும் வேப்பம்பூவும் சேர்த்துப் பச்சடி செய்தாள். எனக்கு ஒரு கரண்டி. பேரன் முகத்தைச் சுளித்தான். பின் விரலை நக்கினான். "தாத்தா, கசப்பு முதலில் வந்து இனிப்புப் பின்னால் வருகிறது" என்றான். அவனருகே, வெளிச்சத்தில் அமர்ந்து, என் பங்கை மெல்ல உண்டேன். மறைத்து உண்ண வேண்டாத உணவே நல்லுணவு. அதனைச் சுவைத்து உண்டல் குற்றமன்று என்பதே யாம் கண்ட துணிபு.