ஜுரத்தைவிட நீ பெரியவள்

ராத்திரி ஒன்றரை மணிக்குக் கைக்குழந்தையின் உடம்பு கொதிக்கிறது. பெங்களூர் நீலசந்திராப் பகுதியின் ஒற்றை அறை வீட்டில் அப்போது நாலு குரல் ஒன்றாகக் கேட்கும். கண் பட்டுவிட்டது என்பார் மாமியார். கம்பளியைப் போர்த்து, ஃபேனை நிறுத்து என்பார் இன்னொருவர். பக்கத்து வீட்டு அக்கா, தன் பிள்ளைக்கு வாங்கியதில் மிச்சமிருக்கும் சிரப்பை நீட்டுவார். எல்லோரும் அன்பில்தான் பேசுகிறார்கள். ஆனால் பெற்றவளின் குரல் மட்டும் கேட்காது. "எனக்கு என்ன தெரியும்" என்று மூலையில் நின்று அழுதுகொண்டிருப்பாள்.

தங்கச்சி, அந்தப் பேச்சை இன்றோடு விடு. உனக்குத் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். அதை இந்த வாரமே கற்றுக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவளும் கற்றுக்கொள்ளலாம்.

முதலில் ஜுரத்தைக் கண்டு நடுங்குவதை நிறுத்து. உள்ளே புகுந்த கிருமியோடு சண்டை போட உன் பிள்ளையின் உடம்பே ஏற்றிக்கொள்ளும் சூடு அது. 1980இல் பார்ட்டன் ஷ்மிட் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெற்றோர்களை விசாரித்தார். ஜுரம் ஏறினால் மூளை கெட்டுவிடும் என்றுதான் அவர்களிலும் பலர் பயந்துகொண்டிருந்தார்கள். சாதாரணத் தொற்றில் வரும் 102, 103 டிகிரி மூளையைக் கெடுப்பதில்லை. வெப்பமானியில் தெரியும் எண்ணைவிடக் குழந்தையின் முகம் உனக்கு அதிகம் சொல்லும்.

அந்த முகத்தைப் பார்க்கப் பழகு. 1883இல் ரொனால்டு ராஸ் என்ற இளம் மருத்துவர் பெங்களூரில் படை மருத்துவராக இருந்தார். உன் வீட்டிலிருந்து ஆட்டோவில் கொஞ்ச நேரத்தில் போய்விடக்கூடிய எம்.ஜி. ரோடு பக்கம்தான் அவர் பங்களா. வீடு முழுக்கக் கொசு. காரணத்தைத் தேடியவர் சன்னலருகே இருந்த தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிவதைப் பார்த்தார். தண்ணீரைக் கொட்டினார், கொசு குறைந்தது. மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை 1897இல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்து, 1902இல் நோபல் பரிசு வாங்கியவர் அவர்தான். கண்ணெதிரே இருப்பதை நின்று பார்த்த மனிதர். அந்தக் கண் உனக்கும் இருக்கிறது. இந்தப் பிள்ளையை இரவும் பகலும் பார்த்த கண் உன்னுடையது. எந்த டாக்டருக்கும் அந்த அனுபவம் கிடையாது.

ஆகவே பார். பால் குடிக்கிறானா? ஆறு மணி நேரத்துக்குள் ஒருமுறையாவது ஒண்ணுக்குப் போனானா? கூப்பிட்டால் திரும்புகிறானா? மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுகிறதா? உச்சிக்குழி புடைத்திருக்கிறதா, அல்லது உள்ளே வற்றிக் கிடக்கிறதா? மூன்று மாதம் தாண்டிய பிள்ளை குடிக்கிறான், சூடு கொஞ்சம் தணிந்தால் சிரிக்கிறான் என்றால் இந்த ராத்திரியை நீ வீட்டிலேயே சமாளிக்கலாம். மெல்லிய பருத்திச் சட்டை போதும். ஃபேன் மெதுவாகச் சுற்றட்டும். ஆறு மாதத்துக்குள் இருக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலையே அடிக்கடி கொடு. ஐஸ் தண்ணீர் ஒத்தடம் வேண்டாம். குழந்தை நடுங்கும், உள்சூடு இன்னும் ஏறும்.

இனி மருந்து. இங்கே நீ சிங்கமாக நிற்க வேண்டும். பாராசிட்டமால் அளவை வயதை வைத்துக் கணக்கிடுவதைவிட எடையை வைத்துக் கணக்கிடுவதே சரி. ஒரு கிலோவுக்கு ஒரு வேளைக்கு 15 மில்லிகிராம். அதற்கு மேல் போகக் கூடாது. எட்டுக் கிலோ குழந்தைக்கு 120 மில்லிகிராம். கடையில் விற்கும் ஒரு சிரப்பில் 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கும், இன்னொன்றில் அதே 5 மில்லியில் 250. சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100! சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை 5 மில்லி ஊற்றினால் நாலு மடங்குக்கு மேல் உள்ளே போய்விடும், ஈரல் தாங்காது. அதனால் மெடிக்கல் ஷாப்பில் கூச்சப்படாமல் கேள்: "இதுல ஒரு மில்லிக்கு எவ்வளவுங்க? எட்டுக் கிலோ குழந்தைக்கு எத்தனை மில்லி?" பின்னால் நிற்கிறவர்கள் முனகினால் முனகட்டும். இரண்டு வேளைக்கு நடுவே நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் கூடாது. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு டாக்டர் சொல்லாமல் ஒரு சொட்டும் கொடுக்காதே. ஆஸ்பிரின் கூடவே கூடாது. நிமிசுலைடை 12 வயதுக்குள் இருப்பவர்களுக்குக் கொடுக்க இந்திய அரசு 2011இலேயே தடை விதித்துவிட்டது.

அக்கா நீட்டிய அந்தச் சிரப்பையும் கும்பிட்டுத் திருப்பிக் கொடு. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில், சளி ஜுரம் என்று வந்த சின்னப் பிள்ளைகள் இருபது பேருக்கு மேல் ஒரு இருமல் சிரப் குடித்துச் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்கள். நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான சிரப் அது. உள்ளே டைஎதிலீன் கிளைக்கால் என்ற நஞ்சு. எழுதும்போதே எனக்கு வயிறு எரிகிறது. இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்தே கொடுக்கக் கூடாது என்று அதன்பின் மத்திய சுகாதாரத் துறையும் அறிவுறுத்தியது.

வீட்டில் நிற்கத் தெரிந்த உனக்கு, வீட்டை விட்டுக் கிளம்பவும் தெரிய வேண்டும். மூன்று மாதத்துக்குள் குழந்தைக்கு 100.4 டிகிரி தொட்டால் விடியும்வரை காத்திராதே. அக்குளில் வைத்த வெப்பமானி உள்சூட்டைவிடக் கொஞ்சம் குறைத்தே காட்டும், அதனால் அந்த எண்ணை நெருங்கினாலே கிளம்பு. பால் குடிக்க மறுத்தால், குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தால், எழுப்பியும் கண் திறக்காமல் துவண்டால், எந்த வயதானாலும் கிளம்பு. மாமியார் முதலில் திருஷ்டி சுற்ற வேண்டும் என்றால் ஆட்டோவில் ஏறியபின் சுற்றட்டும். விவேக்நகர் குழந்தை ஏசு கோயிலுக்கு நேர்ந்துகொள்வதானால் போகும் வழியில் நேர்ந்துகொள். நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் பக்கத்தில் குழந்தைகளுக்கென்றே இந்திரா காந்தி அரசு மருத்துவமனை இருக்கிறது. 108க்கு அடித்தால் ஆம்புலன்ஸ் வரும். பர்ஸில் காசு இல்லை என்று தயங்காதே. அந்த வாசலில் நிற்க உனக்கு முழு உரிமை உண்டு.

வலிப்பு வந்தால்? ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு ஜுரத்தோடு வலிப்பு வரும். பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும். ஒருக்களித்துப் படுக்க வை. மணியைப் பார். வாயில் விரலோ கரண்டியோ தண்ணீரோ கூடாது. கையில் இரும்புச் சாவி திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. முதல்முறை என்றால், நின்ற பிறகும் டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மழைக்காலத்தில் இன்னொன்று. 2024 செப்டம்பரில் கர்நாடக அரசு டெங்குவைக் கொள்ளைநோய்ச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இந்த நோயில் ஜுரம் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம். சூடு விட்டது என்று எல்லோரும் தூங்கப் போகும்போது கை கால் சில்லிட்டால், வயிறு வலித்து அழுதால், வாந்தி நிற்காவிட்டால், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் தெரிந்தால் நீ விழித்திரு, வீட்டையும் எழுப்பு. டெங்குவாக இருக்குமோ என்ற சந்தேகம் இருக்கும்வரை ஐபுப்ரொஃபென் கொடுக்காதே. மூன்று நாள் தாண்டிய எந்த ஜுரத்தையும் டாக்டர் பார்க்க வேண்டும்.

தம்பி, பிள்ளையைப் பெற்றவனே, இது உனக்கும்தான். "அவ பாத்துப்பா" என்று திரும்பிப் படுக்காதே. நாளைச் சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது ஒரு டிஜிட்டல் வெப்பமானி வாங்கி வா. ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்குச் செலவழிப்பதைவிட அதன் விலை குறைவு. அங்கன்வாடியில் குழந்தையை எடை போட்டு, அந்த எடையையும் தேதியையும் கதவுக்குப் பின்னால் பென்சிலால் எழுதி வை. அடுத்த மாதம் எடை கூடியதும் அதை அடித்துவிட்டுப் புதிதாக எழுது.