தோட்டா எட்டும் தூரமெல்லாம் நமக்கு ஆகுமானதா?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. அவனுடைய அருளும் சாந்தியும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாகட்டும்.

அன்பிற்குரிய சகோதரர்களே! இந்த ஜுமுஆவில் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு வியப்பாக இருக்கலாம். துப்பாக்கிக்கும் வேட்டைக்கும் நம் மஹல்லாவுக்கும் என்ன சம்பந்தம்? ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் வேலை பார்க்கும் நம் சகோதரர் ஒருவர் ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். முறையான உரிமத்தோடு அங்கே பாயிண்ட் 22 ரைஃபிள் வைத்திருக்கிறார். கிளப்பில் காகித இலக்கை 100 மீட்டர், 200 மீட்டர் தூரத்திலிருந்து சுட்டுப் பழகுகிறார். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் முயல் சுட அழைக்கிறார்கள். "ஹஜ்ரத், 150 மீட்டரிலிருந்து பிஸ்மி சொல்லித்தான் சுடுகிறேன். கூடுமா, கூடாதா?" என்று கேட்கிறார்.

கூடும், கூடாது என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு பொருள் என் கைக்கு எட்டுகிறது என்பதாலேயே அது எனக்கு ஆகுமானதாகிவிடுமா? அதைத்தான் இன்று பார்க்கப்போகிறோம்.

முதலில், குறிபார்த்துச் சுடுவது கெட்ட காரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். உக்பா இப்னு ஆமிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்றபடி, வலிமை என்ற சொல்லுக்கு விளக்கமாக அம்பெய்தலையே மும்முறை குறிப்பிட்டார்கள். அந்தக் கலையைக் கற்றுவிட்டுக் கைவிட்டவரைக் கண்டித்தும் ஹதீஸ் வந்திருக்கிறது. மூச்சையும் கையையும் பார்வையையும் அடக்கியாளும் பயிற்சி அது. ஒலிம்பிக்கில் 50 மீட்டர் ரைஃபிள் போட்டி இதே சிறிய தோட்டாவைக் கொண்டுதான் நடக்கிறது. அதில் பத்துப் புள்ளிக்கான நடுவட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்தில் ஏறத்தாழப் பாதிதான். மண்டியிட்டும், படுத்தும், நின்றும் அதைச் சுட வேண்டும். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகாராஷ்டிராவைச் சேர்ந்த ஸ்வப்னில் குசாலே இந்த மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒரு மனிதன் தன் உடம்பை இவ்வளவு தூரம் கட்டுப்படுத்த முடியும் என்பது பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

இனி தூரத்துக்கு வருவோம். பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் என்ற இந்தத் தோட்டா 1887-இல் வந்தது. அதில் இருக்கும் ஈயம் மூன்று கிராம்கூட இல்லை. சாதாரண வகை நொடிக்கு ஏறத்தாழ 330 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகிறது. பெரிய ரைஃபிள்களோடு ஒப்பிட்டால் இது மெதுவான தோட்டா. 50 மீட்டருக்குச் சரியாகக் குறி அமைத்த ரைஃபிளால் 100 மீட்டரில் சுட்டால், தோட்டா குறியிலிருந்து ஒரு சாண் கீழே போய் விழும். 200 மீட்டரில் ஒன்றரை மீட்டர் அளவுக்கு இறங்கிவிடும். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் காற்று வீசினால் 100 மீட்டரிலேயே பத்து சென்டிமீட்டர் தள்ளிப் போகும். 200 மீட்டரைக் கடக்க அரை நொடிக்கும் மேல் ஆகும். அரை நொடியில் முயல் தலையைத் திருப்பலாம், ஒரு எட்டு எடுத்து வைக்கலாம்.

இலக்குச் சுடுவோருக்கு இந்தத் தோட்டா பிடிப்பதற்குக் காரணமே இதுதான். இறக்கத்தைக் கணக்கிட வேண்டும், காற்றைப் படிக்க வேண்டும். தவறினால் காகிதத்தின் ஓரத்தில் ஒரு துளை விழும். சுட்டவர் சிரித்துக்கொண்டே குறியைத் திருத்தி மறுபடி சுடுவார். கற்பது எல்லாம் தவறுகளிலிருந்துதான்.

சகோதரர்களே, இங்கே கொஞ்சம் நில்லுங்கள். காகிதத்தில் தவறினால் நஷ்டம் யாருக்கு? சுட்டவருக்கு; ஒரு புள்ளி போகும். அதே தவறு முயலின் மீது நடந்தால்? தலைக்கு வைத்த குறி வயிற்றில் படும், தாடையைப் பிளக்கும், பின்னங்காலை உடைக்கும். அது இழுத்துக்கொண்டு வளைக்குள் போய், நாம் காணாத இடத்தில், நமக்குத் தெரியாத நேரத்தில் சாகும். தூரம் கூடக்கூட சுடுபவருக்குச் சவால் கூடுகிறது, பெருமையும் கூடுகிறது. அந்தச் சவாலின் விலையை மட்டும் முயல் கொடுக்கிறது. பெருமை ஒருவருக்கு, வேதனை இன்னொன்றுக்கு.

இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்ட ஒரு காட்சி புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. குரைஷி இளைஞர்கள் சிலர் ஒரு பறவையைக் கட்டிவைத்து அம்பெய்துகொண்டிருந்தார்கள். குறி தப்பிய அம்பெல்லாம் பறவையின் சொந்தக்காரருக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். இப்னு உமர் (ரலி) வருவதைப் பார்த்ததும் சிதறி ஓடினார்கள். உயிருள்ளதை இலக்காக்குபவரை நபி (ஸல்) அவர்கள் சபித்திருக்கிறார்கள் என்று அவர் எச்சரித்தார். இதில் கவனியுங்கள்: அவர்கள் பழகியது மார்க்கம் பாராட்டிய அதே அம்பெய்தல். சொந்தக்காரருக்கும் சம்மதம், பங்கும் உண்டு. மனிதர்களுக்குள் எல்லாம் நியாயமாகப் பேசி முடித்துவிட்டார்கள். கேட்கப்படாதது அந்தப் பறவை மட்டும்தான்.

"ஹஜ்ரத், அது கட்டிவைத்த பறவை. நான் சுடுவது காட்டில் ஓடும் முயல், அது வேட்டை" என்று நம் சகோதரர் சொல்லலாம். சரி, வேட்டை ஹலால்தான். முயல் இறைச்சியும் ஹலால்தான். மர்ருழ் ழஹ்ரானில் முயலைத் துரத்திப் பிடித்த அனஸ் (ரலி) அவர்களின் செய்தியில், நபி (ஸல்) அவர்களுக்கு அதன் தொடை அனுப்பப்பட்டதும் அவர்கள் ஏற்றுக்கொண்டதும் வருகிறது. ஆஸ்திரேலியாவில் முயலைச் சுடக் காரணமும் உண்டு. 1859-இல் தாமஸ் ஆஸ்டின் என்ற பண்ணையார் இங்கிலாந்திலிருந்து முயல்களைத் தருவித்து விக்டோரியாவில் தன் பண்ணையில் வளர்த்தார். எதற்காக? வேட்டையாடி விளையாட. அவை பெருகிக் கண்டம் முழுவதும் பரவி மேய்ச்சலையும் இளஞ்செடிகளையும் அழித்தன. 1950-இல் நோய்க்கிருமியைப் பரப்பிக் கொன்றும் முழுதாக ஒழியவில்லை. ஆகவே பயிரைக் காக்க அவற்றைக் கட்டுப்படுத்துவது தேவையான காரியம்தான். விளையாட்டுக்காகக் கொண்டுவந்ததன் சுமையை இன்று அங்குள்ள விவசாயி சுமக்கிறார். சுடப்படும் முயலும் சுமக்கிறது.

ஆனால் நோக்கம் வேறு, தூரம் வேறு. பயிரைக் காப்பதுதான் நோக்கமென்றால் 40 மீட்டருக்கு நகர்ந்து போய்ச் சுட்டாலும் பயிர் காக்கப்படும். இறைச்சிதான் நோக்கமென்றாலும் அப்படியே. 150 மீட்டர் எதற்குத் தேவைப்படுகிறது? திறமையைப் பார்க்க. அந்த இடத்தில் முயல் வேட்டைப்பிராணி அல்ல, காகிதத்துக்குப் பதிலாக வைத்த இலக்கு. கயிறு கட்டவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

கைகளும் ஈட்டிகளும்

அல்மாயிதா அத்தியாயத்தின் 94-வது வசனத்தில் அல்லாஹ் ஒரு சோதனையைச் சொல்கிறான். இஹ்ராம் கட்டிய ஈமான் கொண்டோரின் கைகளுக்கும் ஈட்டிகளுக்கும் எட்டும் அளவில் வேட்டைப்பிராணிகளைக் கொண்டுவந்து, மறைவில் தனக்கு அஞ்சுபவர் யார் என்று வெளிப்படுத்துவதாகச் சொல்கிறான். எட்டாத பிராணியை விட்டுவிட யாருக்கும் தக்வா தேவையில்லை. எட்டுவதே சோதனை. அன்று எட்டும் தூரம் கையின் நீளம், ஈட்டியின் நீளம். இன்று தொலைநோக்கி பொருத்திய ரைஃபிள் அந்தக் கையைப் பல நூறு மீட்டர் நீட்டிவிட்டது. கை நீண்டால் சோதனையும் நீளுமே தவிரக் குறையாது. அந்த வசனம் இஹ்ராமுக்குரிய சட்டம் என்பது எனக்குத் தெரியும். சட்டத்தை இங்கே கொண்டுவரவில்லை. நம் மனதில் என்ன நடக்கிறது என்பதை அது காட்டுகிறது.

அறுத்து உண்பது பற்றிய சட்டம் தனி. நம் சகோதரர் ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்தவர் என்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதீ இப்னு ஹாதிம் (ரலி) வேட்டை பற்றி நபி (ஸல்) அவர்களிடம் பல கேள்விகள் கேட்டவர். எறிகோலின் கூர் குத்திக் கொன்றால் உண்ணலாம், அதன் தட்டையான பக்கம் அடித்துக் கொன்றால் அது அடிபட்டுச் செத்தது, உண்ணக்கூடாது என்ற பதில் அவருக்குக் கிடைத்தது. துப்பாக்கி வந்தபோது ஆலிம்களிடையே விவாதம் எழுந்தது. தோட்டா குத்துகிறதா, அடிக்கிறதா? 1834-இல் வஃபாத்தான யமன் நாட்டு இமாம் ஷவ்கானீ, தோட்டா துளைத்துச் செல்வதால் பிஸ்மி சொல்லிச் சுட்டது ஹலால் என்றார். அதே காலத்து டமாஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன், ஈயத்துக்கு வெட்டும் முனை இல்லை, அது வேகத்தின் அழுத்தத்தால் கொல்கிறது, ஆகவே அறுக்கும் முன் செத்தால் கூடாது என்றார்.

இந்த இரண்டாவது கருத்தைப் பின்பற்றுபவர் ஒரு பெரிய இக்கட்டில் மாட்டிக்கொள்கிறார். எதிலும் இஹ்ஸானைக் கடைப்பிடிக்க வேண்டும், கத்தியைத் தீட்டிப் பிராணிக்கு எளிதாக்க வேண்டும் என்பது ஷத்தாத் இப்னு அவ்ஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. துப்பாக்கியில் இஹ்ஸான் என்றால் தலையில் பட்டு அந்த நொடியே சாக வேண்டும். ஆனால் அந்த நொடியே செத்தால் இறைச்சி இவருக்குக் கூடாது. உயிரோடு போய்ச் சேர்ந்து அறுக்க வேண்டுமென்றால் அது வேதனையோடு காத்திருக்க வேண்டும். 150 மீட்டர் நடக்க இரண்டு நிமிடம் ஆகும்.

சிலர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். வேண்டுமென்றே காலிலோ இடுப்பிலோ சுடுவது, பிறகு ஓடிப்போய் அறுப்பது. சகோதரர்களே, ஹலாலைத் தேடுவதற்காக ஒரு பிராணியை முடமாக்குவதை எந்த மத்ஹபும் கற்றுக்கொடுக்கவில்லை. இந்தக் கருத்தில் இருப்பவர் உண்பதற்காகத் துப்பாக்கியைத் தொடாமல் இருப்பதே என் பார்வையில் சரி. கண்ணி அமைக்கட்டும், வலை போடட்டும், இல்லையென்றால் கடையில் அறுத்த ஆட்டை வாங்கட்டும். பயிரைக் காக்கச் சுடுவதென்றால் தலையில் சுட்டு உடனே கொல்லட்டும். இறைச்சியை அவர் உண்ண வேண்டியதில்லை. ஷவ்கானீயின் கருத்தை எடுப்பவருக்கும் உடனே கொல்வதே கடமை. ஆக இரு வழியிலும் நெருங்கிப் போய்த்தான் சுட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு நெருங்க வேண்டும்? இதற்குக் காகிதமே பதில் சொல்லும். கிளப்பின் மேசையில் மூட்டையை அண்டக்கொடுத்துச் சுட்டது கணக்கில்லை. வயலில் படுத்துக்கொண்டு, அன்றைய காற்றில், எலுமிச்சம்பழ அளவு வட்டத்துக்குள் பத்துக்குப் பத்தும் விழுகிற தூரம் எதுவோ அதுதான் அவருடைய எல்லை. பத்துக்கு எட்டு விழுந்தால் போதாது. மீதி இரண்டும் யாருடைய உடம்பில் விழும் என்று யோசிக்க வேண்டும். அனுபவமுள்ள முயல் வேட்டைக்காரர்கள் பலர் இந்தத் தோட்டாவோடு 50, 60 மீட்டரைத் தாண்டுவதில்லை. பிஸ்மி சொல்வது அல்லாஹ்வின் பெயரால் ஓர் உயிரை எடுக்கிறேன் என்ற ஒப்புதல். அதைச் சொல்லிவிட்டுப் பட்டால் படட்டும் என்று விசையை இழுப்பது அந்தப் பெயருக்குச் செய்யும் மரியாதையாகாது.

சுட்ட பிறகும் பொறுப்பு முடிவதில்லை. அம்பு பட்ட பிராணி தண்ணீரில் விழுந்து செத்துக் கிடந்தால் உண்ண வேண்டாம் என்பதும் அதீ (ரலி) பெற்ற பதில்தான். கொன்றது அம்பா தண்ணீரா என்று தெரியாது. தான் செய்த காரியத்தின் முடிவைப் போய்ப் பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் வேட்டைக்காரர் என்பது இதிலிருந்து புரிகிறது. 150 மீட்டருக்கு அப்பால் புதருக்குள் மறைந்ததைத் தேடாமல் அடுத்ததைக் குறிபார்ப்பவர் இந்த ஹதீஸைக் கேட்டதே இல்லை போலும்.

தவறிய தோட்டா எங்கே போகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். சிறிய தோட்டாதானே என்று எண்ண வேண்டாம். மேல்நோக்கிப் போனால் ஒன்றரை கிலோமீட்டருக்கும் அப்பால் விழுந்து ஆளைக் காயப்படுத்தும், கொல்லவும் செய்யும். முயலுக்குப் பின்னால் மண்மேடு இல்லாமல், மேட்டின் உச்சியில் வானத்தைப் பின்னணியாக வைத்து நிற்பதைச் சுடவே கூடாது. அப்துல்லாஹ் இப்னு முகஃப்பல் (ரலி) தம் உறவினர் ஒருவர் விரலிடுக்கில் கல்லை வைத்துச் சுண்டி எறிவதைக் கண்டார். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்திருக்கிறார்கள், அது வேட்டையையும் வீழ்த்தாது, எதிரியையும் தாக்காது, பல்லை உடைக்கும், கண்ணைக் குருடாக்கும் என்று சொன்னார். உறவினர் மறுபடியும் எறிந்தார். இனி உன்னோடு பேச மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டு முயல் வேட்டையையும் தடுக்கிறது. இந்தச் சட்டம் மார்க்கத்துக்கு முரணானது அல்ல. நாம் கட்டுப்பட வேண்டியது. ஆனால் மாந்தோப்பில் அணிலையும் மைனாவையும் ஏர்கன்னால் சுடும் பிள்ளைகள் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் அதை உண்பதும் இல்லை, அதனால் தோப்புக்கு லாபமும் இல்லை; விழுகிறதா என்று பார்க்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வரும்போது அந்த ஏர்கன்னை ஆசையாக வாங்கிவந்து கொடுத்த தகப்பனார்கள் இந்த வரிசைகளில் அமர்ந்திருக்கிறீர்கள். இன்று அஸருக்குப் பிறகு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய், கொல்லைச் சுவரில் ஒரு மண்மூட்டையைச் சாய்த்து, அதில் ஒரு காகிதத்தை ஒட்டிக்கொடுங்கள். பத்து மீட்டரில் நிற்கச் சொல்லுங்கள்.